நிலாவெளியில் கரவன் நிறுத்தப் போற ஆக்களுக்கு: "லெவல் பண்ணித் தாறம்" எண்டா நம்பிடாதீங்க

ஓகஸ்ட் கடைசிக் கிழமை நடந்தது. எரிச்சல் ஆறி எழுத இவ்வளவு நாளாச்சு.

கொழும்பில் ஒருவரிடம் கரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பழைய கோஸ்டர் பஸ்ஸை வெட்டிக் கட்டியது. கட்டில், காஸ் அடுப்பு, காஸில் ஓடுகிற பிரிஜ் எல்லாம் உள்ளே. இடது பக்கத்தில் மேசை லாச்சி மாதிரி மோட்டரில் வெளியே போகிற சின்ன அறை ஒன்று. ஸ்லைட் அவுட் என்பார்கள். பிள்ளைகள் அதற்கு லாச்சி என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதைத் திறந்தால்தான் அம்மாவுக்குப் படுக்க இடம்.

வண்டிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "முதல்ல வண்டி மட்டமா நிக்கோணும், பிறகுதான் லாச்சி. சரிஞ்சு நிக்கேக்க திறந்தா ஒரு பக்கம் இறுகிடும்."

இடம் நிலாவெளி, கடலோடு ஒட்டிய தென்னந்தோட்டம். போனில் தோட்டக்காரர் தேனாகப் பேசினார். கல் போட்டு இறுக்கின தளமாம், மட்டம் எடுத்து வைத்திருக்கிறார்களாம், ஆள் நின்று லெவல் பண்ணித் தருவாராம். இரண்டு இரவுக்கு 24,000 ரூபா, முழுவதும் முற்பணம். அனுப்பினோம். அதுதான் முதல் பிழை.

கந்தளாயில் தயிர் வாங்கிக்கொண்டு போய்ச் சேர ஆறரை மணி. கல்லும் இல்லை, தளமும் இல்லை. கடல் பக்கமாகச் சரிந்த வெறும் மணல், அதன்மேல் தூவிவிட்ட மாதிரி கொஞ்சம் சல்லி. தோட்டக்காரர் ஊரில் இல்லை. ஒரு பொடியன் மட்டும் நின்றான். "யோசிக்காதீங்க அண்ணே, பெரிய பஸ்ஸெல்லாம் இதில நிண்டது" என்றவன், மதில் கட்ட வைத்திருந்த சிமெந்துக் கல் நாலைத் தூக்கிக்கொண்டு வந்தான். நடுவில் ஓட்டை உள்ள கல். லெவல் பண்ண 3,000 ரூபா தனியாம்.

பாதித் தண்ணீர் உள்ள போத்தலை வண்டித் தரையில் படுக்கப்போட்டுப் பார்த்தேன். லாச்சிப் பக்கம் நன்றாகத் தாழ்வு. கோஸ்டரின் இரண்டு பக்கச் சில்லுக்கும் இடையில் ஒன்றரை மீற்றர் என்று வைத்தால், ஒரு பாகைச் சரிவுக்கு இரண்டரை சென்ரிமீற்றர் தூக்க வேண்டும். எங்களுக்கு எட்டு வேண்டியிருந்தது. பின்னுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டைச் சில்லு. அவன் வெளிச்சில்லுக்கு மட்டும் கல் வைத்தான், உள்சில்லு காற்றில் தொங்கியது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அம்மா களைத்துப்போயிருந்தா, பிள்ளைகளுக்குப் பசி. போத்தல் நீர் நேராக நின்றதும் "சரி" என்று லாச்சியைத் திறந்தேன். கல்லுக்கு முன்னால் நின்று பொடியன் ஒரு படமும் எடுத்தான்.

இரவு கச்சான் காற்று பிடித்தது. அறை வெளியே போன பக்கத்தில்தான் பாரமும் கூட. ஒரு மணி போல ‘டக்’ என்று சத்தம், வண்டி ஒரு பக்கமாய் இறங்கியது. கல் இரண்டாய்ப் பிளந்திருந்தது. லாச்சியை உள்ளே எடுக்கப் பார்த்தால் ஒரு முனை வருகிறது, மறுமுனை அசையவில்லை. பிறகு பியூஸ் போனது. காஸ் பிரிஜ் சரிந்து நின்றால் குளிராது. விடிய எழும்பிப் பார்த்தால் தயிரும் மீனும் பழுது.

காலையில் தோட்டக்காரர் போன் எடுத்தார். "லாச்சியைத் திறந்தது நீங்கதானே." தன் மெக்கானிக் வந்து பார்க்க 40,000 கேட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வாடியில் வலை தைத்துக்கொண்டிருந்த ஓர் ஐயா. தோணி இழுக்கிற பலகை இரண்டோடு வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "மணல்ல தாழ்ந்த பக்கத்த ஏன் தூக்குறீங்க? உயர்ந்த பக்கத்த தோண்டுங்க தம்பி" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மற்றப் பக்கச் சில்லுகளுக்கு முன்னால் மண்வெட்டியால் பள்ளம் எடுத்து, அடியில் பலகை போட்டு, வண்டியை ஓர் அடி முன்னுக்கு உருட்டி அதில் இறக்கினோம். இரட்டைச் சில்லு இரண்டும் பலகையில். போத்தல் நேராக நின்றது. பிறகு கையால் சுற்றுகிற பிடியைப் போட்டு லாச்சியை மெல்ல மெல்ல உள்ளே எடுத்தோம். ரப்பர் ஓரம் ஒரு முழம் கிழிந்திருந்தது. வண்டிக்காரர் வைப்புப் பணத்தில் 35,000 கழித்தார், அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஐயா காசு வாங்கவில்லை, லாச்சி உள்ளே போவதை இன்னொருக்கா பார்க்க வேணும் என்றார்.

போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். நிலத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாமல் முற்பணம் போடாதீர்கள். தடித்த பலகை நாலும் மண்வெட்டியும் நீங்களே கொண்டுபோங்கள். ஓட்டைக் கல்லைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கரவனின் மூலைகளில் கீழே இறக்குகிற கால் ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்தத்தான், அவற்றால் வண்டியைத் தூக்கப் பார்க்காதீர்கள். பின் சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் கைபிரேக்குக்கும் வேலையில்லை.

24,000 இன்னும் திரும்பி வரவில்லை. அந்தத் தோட்டத்தின் புது விளம்பரத்தில் நிற்பது எங்கள் வண்டிதான், பொடியன் அன்று மாலை எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தால் வெளிச்சில்லுக்கு அடியில் அந்தக் கல் தெரியும்.