ரீஜன் ஃப்ரீ பிளேயரா, லேப்டாப் டிரைவா, ரிமோட் வித்தையா?

நியூஜெர்சியிலிருந்து வந்த மச்சான் பெட்டி நிறைய டிவிடி கொண்டுவந்தார். வீட்டு பிளேயரில் போட்டால் 'ராங் ரீஜன்' என்று ஒரு வரி வந்ததோடு சரி. டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை. பின்னட்டையில் குட்டி உலக உருண்டைக்குள் 1 என்று போட்டிருந்தது. அதுதான் ரீஜன், டிஸ்க் எந்த நாடுகளுக்கானது என்று சொல்லும் மண்டல எண். அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவின் பெரும்பகுதியும் ஜப்பானும் 2, இந்தியாவும் இலங்கையும் 5. எண் ஒத்துவராவிட்டால் பிளேயர் ஓட்டாது.

செலவு குறைந்த வழி, லேப்டாப்பின் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ். ஆனால் அதில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவதாக வைத்ததோடு பூட்டிக்கொள்ளும். விஎல்சி என்ற இலவச மென்பொருளில் போட்டால் பல டிரைவ்கள் ரீஜனைக் கண்டுகொள்ளாமல் ஓட்டும், சில அடம்பிடிக்கும். தனியாளுக்குப் போதும். ஹாலில் அம்மா படம் பார்க்க லேப்டாப்பைத் தூக்கி வைத்து ஒயர் மாட்டுவதெல்லாம் இரண்டு நாளில் அலுத்துவிடும்.

அடுத்தது ரிமோட் வித்தை. சாதாரண பிளேயர்கள் சிலவற்றில் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பிட்ட எண்களை அமுக்கினால் ஒளிந்திருக்கும் மெனு வரும். அங்கே 5 இருக்கும் இடத்தில் 0, அதாவது 'எல்லா ரீஜனும்' என்று வைத்தால் வேலை முடிந்தது. காசு செலவில்லை. ஆனால் மாடலுக்கு மாடல் எண் வேறு, பல மாடலில் மெனுவே கிடையாது. வாங்கும் முன்பே மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

கடையில் 'ரீஜன் ஃப்ரீ' என்று விற்பதிலும் இரண்டு ரகம். எப்போதும் 0-விலேயே நிற்பது ஒன்று. 1, 2 என்று நாமே மாற்றிக்கொள்ள விடுவது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதற்கு. ஏனென்றால் ரீஜன் 1 டிஸ்க்குகள் சிலவற்றில் ஆர்சிஇ என்ற கூடுதல் காவல் உண்டு. பிளேயர் 0-வில் இருப்பது தெரிந்தால் உலக வரைபடத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். 1 என்று வைத்தால் சமர்த்தாக ஓடும்.

எப்படியானாலும் அமெரிக்காவிலிருந்து பிளேயர் வாங்கிவரச் சொல்லாதீர்கள். டிவி படத்தை வரிகளாகக் காட்டும் முறை ஊருக்கு ஊர் வேறு. அங்கே என்டிஎஸ்சி, 480 வரி. இங்கேயும் ஐரோப்பாவிலும் பால் (குடிக்கிற பால் இல்லை), 576 வரி. நம்மூர் பிளேயரும் டிவியும் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். அங்கத்தி பிளேயர்கள் பல, பால் டிஸ்க்கைத் தொடாது. போதாததற்கு அங்கே மின்சாரம் 120 வோல்ட். முன்பு ஒருமுறை அப்படி வந்த பிளேயரை யோசிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகினேன். டப்பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றி எடுத்தேன்.

ப்ளூரேயும் பார்ப்பவர் என்றால் கணக்கே வேறு. அதில் ஏ, பி, சி என மூன்று மண்டலம். நாம் சி, அமெரிக்கா ஏ. டிவிடிக்கு ரீஜன் ஃப்ரீயாக இருக்கும் ப்ளூரே பிளேயர் ப்ளூரேக்கும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கடைக்காரரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லையே இல்லை.

நான் மச்சானின் டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் இரண்டு பெட்டியும் முரண்டுபிடித்தன, மூன்றாவது ஓடியது. அதற்குத்தான் பில் போடச் சொன்னேன்.