4,850 ரூபாய் போச்சு: 'இயற்கை கிளீனிங் கிட்' வாங்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

கை இன்னும் எரிகிறது. 'பூந்திக்கொட்டையும் சீயக்காயும் மட்டுமே' என்று சொல்லி விற்ற பொடியில் மூன்று நாள் பாத்திரம் துலக்கியதன் பலன். கொடுத்த பணம் 4,850 ரூபாய். பார்சல் சனிக்கிழமை வந்தது, இன்று புதன். அதற்குள் என் நம்பரை பிளாக் செய்தாயிற்று. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டிய அளவுகளையும் கடைசியில் தருகிறேன்.

கடை பெயர் கேட்காதீர்கள், போடப்போவதில்லை. புதுச்சேரியில் சனி, ஞாயிறு மேஜை போட்டு, மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் விற்கும் வகை. சணல் பை, கண்ணாடி ஜாடி, கையால் எழுதிய லேபிள், 'ரசாயனம் இல்லை' என்று ஒரு கரும்பலகை.

ஏமாந்தது எங்கே என்று சொல்கிறேன். விஷயம் தெரியாமல் போய் நிற்கவில்லை. சமையல் மேடைக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்த தண்ணீர் அடிக்கலாமா என்று மடக்கத்தான் கேட்டேன். விற்கிறவர்கள் பெரும்பாலும் 'தாராளமா அடிங்க' என்பார்கள். மேஜையில் விற்றுக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "கிரானைட்னா அடிச்சிட்டு உடனே அலசிடுங்கக்கா. கடப்பாக்கல்லுன்னா வேணவே வேணாம், அரிச்சிடும்." சரியான பதில். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. அமிலம் பட்ட இடம் மங்கி வெள்ளைத் திட்டாகிவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் திரும்பாது. மொசைக் தரைக்கும் அதே கதிதான். அடுத்து வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து வைத்துக்கொள்ளலாமா என்றேன். "கலந்தா பொங்கும்க்கா, பொங்கி அடங்கினா ரெண்டுத்துக்கும் வேலை செத்துடும். தனித்தனியாத்தான் போடணும்" என்றான். அதுவும் சரி. ஜாடியிலிருந்து ஒரு பூந்திக்கொட்டையை எடுத்துப் பிய்த்துக் காட்டினான். ஓடு செம்பழுப்பாக, பேரீச்சம்பழம் மாதிரிப் பிசுபிசுத்தது. பாட்டிலில் போட்டுக் குலுக்கினான், நுரை விரற்கடை உயரத்துக்கு நின்றது.

அந்த நுரையைப் பார்த்துத்தான் ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, "நாங்க சின்ன ஆளுங்கக்கா, பில்லெல்லாம் போடுறதில்ல" என்றான். அதற்கும் தலையாட்டினேன். என்னைச் சொல்லவேண்டும்.

கணக்கு இது. விதை நீக்கிய பூந்திக்கொட்டை 5 கிலோ 1,100. பாத்திரப் பொடி 3 கிலோ 750. பாத்திரம் கழுவும் திரவம் 5 லிட்டர் 900. எலுமிச்சை உப்பு 2 கிலோ 400. ஆரஞ்சுத் தோல் பயோ என்சைம் (தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்த சாறு) 5 லிட்டர் 600. லெமன்கிராஸ் எண்ணெய் 100 மில்லி 350. 'நேரடி ஆன்லைன் வகுப்பு' 750. ஆக 4,850.

முதலில் பொடி. அலுமினிய இட்லிப் பானையின் உள்பக்கம் ஒரே துலக்கலில் கறுத்தது. சந்தேகம் அங்கேதான் வந்தது, ஆனாலும் தண்ணீரின் கோளாறோ என்று எவர்சில்வருக்கு அதையே ஓட்டினேன். கை எரிய ஆரம்பித்த பிறகுதான் சோதித்துப் பார்த்தேன். ஒரு ஸ்பூன் பொடி, இரண்டு ஸ்பூன் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். குழைத்ததும் குபீரென்று சிவந்தது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் வருமே, அதே சிவப்பு. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் லேசான புளிப்புத்தன்மை உடையவை, அவற்றில் மஞ்சள் மஞ்சளாகவேதான் இருக்கும். சிவந்தால் அமிலத்துக்கு நேர் எதிரான காரப்பொருள் (அல்கலி) இருக்கிறது என்று அர்த்தம். அலுமினியத்தைக் கறுக்கவைத்து, கையையும் எரியவைப்பது அநேகமாகச் சலவை சோடாதான். சலவை சோடா கெட்ட பொருள் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கேறிய அடுப்பு வலைக்கும் அடைத்த சிங்க்குக்கும் அதை விடச் சிக்கனமான சாமான் கிடையாது. கையுறை போட்டுக்கொண்டு, தெரிந்து பயன்படுத்தவேண்டிய பொருள். அதைச் சீயக்காய் என்று பெயர் மாற்றிக் கிலோ 250 ரூபாய்க்கு விற்பதுதான் மோசடி.

திரவத்தைப் பார்த்தால் தேன் மாதிரிக் கெட்டி. 'ஆறு மாசம் கெடாது, பிரிட்ஜ் வேண்டாம்' என்று லேபிள். பூந்திக்கொட்டையை வேகவைத்தால் வருவது டிகாஷன் போல நீர்த்த பழுப்புச் சாறு. வெளியே வைத்தால் நம் ஊர் வெக்கையில் மூன்று நாளில் புளித்து நாறும். ஒரு டம்ளரில் அந்தத் திரவத்தை ஊற்றி, உப்புத் தூளை அரை அரை ஸ்பூனாகப் போட்டுக் கலக்கினேன். முதலில் இன்னும் இறுகியது, நாலாவது அரை ஸ்பூனில் பொசுக்கென்று தண்ணீராக உடைந்தது. சோப்பு ஆயில் கடைகளில் எஸ்எல்இஎஸ் என்று நுரைக்கும் ரசாயனப் பசை ஒன்று விற்பார்களே, உப்புக்கு இப்படி இறுகி உடைவது அந்த ரகச் சரக்கு. பூந்திக்கொட்டைச் சாற்றில் எவ்வளவு உப்புப் போட்டாலும் அது கெட்டியாகாது. எஸ்எல்இஎஸ் கலந்து விற்கட்டும், ஊரே அதில்தான் பாத்திரம் கழுவுகிறது. அதை அதன் பெயரைச் சொல்லி விற்கலாமே?

கொட்டை இன்னும் மோசம். 'விதை நீக்கியது' என்றார்கள், பாதிக்கு மேல் விதையோடு இருந்தது. நுரைக்கும் சத்து ஓட்டில்தான் இருக்கிறது, விதையில் ஒன்றும் கிடையாது. ஆனால் தராசில் கிட்டத்தட்டப் பாதி எடை விதைதான் இழுக்கும். இருந்த ஓடும் சருகாய், பிசுபிசுப்பே இல்லாமல், கையில் நொறுங்கியது. ஐந்து ஓட்டை 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் குலுக்கினால் நுரை கெட்டியாக நிற்கவேண்டும். நாலு குமிழி வந்து உடைந்தது. ஏற்கெனவே சாறு எடுத்த சக்கையைக் காயவைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேஜையில் பிய்த்துக் காட்டிய கொட்டை வேறு, பார்சலில் வந்தது வேறு.

பயோ என்சைம்: பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், மிட்டாய் வாசனை, அடியில் ஒரு பொட்டு வண்டல் இல்லை. மூன்று மாதம் புளித்த சாறு பழுப்பாக இருக்கும், மூக்கில் புளிப்பு ஏறும், ஆப்ப சோடா போட்டால் பொங்கும். இதில் சோடா சத்தமில்லாமல் கரைந்து போனது. எண்ணெயை ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டேன். அசல் லெமன்கிராஸ் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், இது மறுநாளும் பஜ்ஜி மடித்த தாள் மாதிரி கறையாக நிற்கிறது. வகுப்பு என்றது 11 பக்க பிடிஎஃப்.

எலுமிச்சை உப்பு மட்டும் அசல். அதுவும் 2 கிலோ என்று 1 கிலோ 700 கிராம்தான் இருந்தது. அந்த 400 ரூபாயைக் கழித்துச் சொல்லலாமே என்று யாரும் வராதீர்கள், போனது 4,850தான்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த அழகு. சனிக்கிழமை ராத்திரி போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். "செக் பண்றோம்க்கா" என்று கும்பிடு போட்டார்கள். ஞாயிறு: "உங்க கடலூர் தண்ணி உப்புக்கா, அதான் நுரை வரல." சோப்புதான் உப்புத் தண்ணீரில் திரிந்துபோகும், பூந்திக்கொட்டை அப்படித் திரியாது. கேன் தண்ணீரிலும் செய்து காட்டி வீடியோ அனுப்பினேன். பதில் இல்லை. திங்கள் காலை "ஓனர் ஊர்ல இல்ல". சாயங்காலம் "அந்த ஒரு பேட்ச் மட்டும் அப்படி ஆயிடுச்சு, அடுத்த ஆர்டர்ல 10 பர்சன்ட் குறைச்சுக்கிறோம்". அடுத்த ஆர்டராம்! செவ்வாய்க்கிழமை வேறொரு குரல்: "மேடம், நேச்சுரல் புராடக்ட்டுக்கு ரிட்டர்ன் பாலிசி கிடையாது." பணம் கொடுக்கும்வரை அக்கா, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மேடம். 4,850 ரூபாயை எப்போது போடுவீர்கள் என்று ஒரே வரி எழுதினேன், அதற்கு ஒற்றை டிக்தான். பஸ் ஏறி அந்த இடத்துக்கே போனேன். பக்கத்து இளநீர்க்காரர், "சனி, ஞாயிறுதாம்மா வருவாங்க, இந்த வாரம் வருவாங்களான்னு தெரியல" என்றார்.

இன்று காலை 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்தாயிற்று. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அதையும் விடுவதாக இல்லை. பில் இல்லாததுதான் இடிக்கிறது, ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருக்கின்றன. பிளாக் ஆனாலும் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

அளவுகள் தருகிறேன் என்றேன். இந்த மனநிலையில் எல்லாம் எழுத வரவில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். விதை நீக்கிய ஓடு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர், ராத்திரி ஊறப்போட்டு காலையில் 20 நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். பெரிய பாத்திரமாக வையுங்கள், பொங்கி அடுப்பை அணைத்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பிரிட்ஜில் ஒரு வாரம். பயோ என்சைமுக்கு வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர், மூன்று மாதம். பிளாஸ்டிக் பாட்டில்தான், முக்கால் மட்டும் நிரப்பி, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். குழாயில் படிந்த உப்புக்கறைக்கு அரை லிட்டர் தண்ணீரில் எலுமிச்சை உப்பு 15 கிராம். இதையோ வினிகரையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் முதலில் 100 கிராம் மட்டும் வாங்கி மஞ்சளும் உப்பும் போட்டுப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த மாதம் இல்லாத பொட்டலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

இதை எழுதும்போதே நாத்தனார் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் நம்பரை அவர்கள் பிளாக் செய்யவில்லை. ஸ்டேட்டஸில் அதே ஜாடி, அதே நுரை: 'கடைசி 10 கிட் மட்டுமே, ரூ. 4,850.'