கான்ஸ்டிட்யூட்: அரசியலமைப்புகளை ஒப்பிட அருமையான தளம், ஆண்டைப் பார்த்துப் படியுங்கள்

உலக நாடுகளின் அரசியலமைப்புகளை இலவசமாகப் படிக்கத் தரும் கான்ஸ்டிட்யூட் தளம் 2013-இல் தொடங்கியது. நெருக்கடி நிலை, நீதிபதி நியமனம் என ஏதாவது ஒரு தலைப்பைச் சொடுக்கினால் அதற்குரிய பிரிவுகள் மட்டும் முன்னே வந்து நிற்கும். இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம், பிடிஎஃப் ஆகவும் இறக்கிக்கொள்ளலாம். இந்த வேலைக்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

ஒரு நாடு பிறந்தபோது என்ன எழுதினார்கள் என்று தேடுபவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். ‘இந்தியா 1949’ என்ற பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இன்னோர் ஆண்டும் இருக்கும். நீங்கள் படிப்பது அந்த ஆண்டு வரை திருத்திய வாசகம். முகவுரையில் உள்ள ‘சோஷலிச, மதச்சார்பற்ற’ என்ற சொற்கள் 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் வந்தவை. சொத்துரிமையை அடிப்படை உரிமையாக்கிய பிரிவு 31, 1978-இன் 44-ஆவது திருத்தத்தில் போய்விட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை நீதிமன்றங்கள் ரத்து செய்துவிடாமல் காக்க 1951-லேயே ஒன்பதாவது அட்டவணை ஏன் தேவைப்பட்டது என்பது அந்தப் பிரிவைப் படிக்காமல் விளங்காது. மூலத்தில் இருந்தவை 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும்தான்.

நார்வேயிலும் இதே சிக்கல். 1814-இல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் எழுதிய அரசியலமைப்பின் பிரிவு 2, யூதர்கள் நாட்டுக்குள் வரவே தடை விதித்தது. 1851-இல் அதை நீக்கினார்கள். இன்றைய வாசகத்தை மட்டும் படிப்பவருக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது.

அமெரிக்கா வேறு வகை. அங்கே திருத்தங்களைக் கடைசியில்தான் சேர்க்கிறார்கள், மூல வாசகத்தில் கை வைப்பதில்லை. அதனால் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டதையும், 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக்கூடாது என்ற பேரத்தையும் இன்றும் முதல் பிரிவிலேயே படிக்கலாம். ஜப்பானுக்கு எந்தக் கவலையும் வேண்டாம்: 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது முதல் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இந்தியாவுக்கு, 1950-இல் நடைமுறைக்கு வந்த மூல வாசகத்தையும் அதை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விவாதங்களில் இருப்பது வரைவின் எண்கள். பிரிவு 31 என்று தேடினால் கிடைக்காது. வரைவில் அது பிரிவு 24. 1949 செப்டம்பர் நடவடிக்கைகளில் பாருங்கள்.

பெரிய குறை, தமிழில் இல்லை.