கல்லடியில் ஒரு செயலமர்வு: புறாக் கதையும் 40 கொலரும்

போன மாதம் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு மண்டபத்தில் மேற்பார்வையாளர்களுக்கு ஒரு நாள் செயலமர்வு நடந்தது. எங்கள் தையல் நிலையத்திலிருந்து மூன்று பேர் போனோம். ஆளுக்கு 2,500 ரூபா, மதியச் சாப்பாடும் சேர்த்து. சிறுவர் கதைகளை வைத்துத் தலைமைத்துவம் சொல்லித் தருவார்கள் என்றார்கள், நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

பயிற்சி தந்த டீச்சர் பஞ்சதந்திரத்தில் தொடங்கினார். நாம் அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டோம், ஆனால் விஷ்ணு சர்மா அந்தக் கதைகளைச் சொன்னது மூன்று இளவரசர்களுக்கு, ஆறு மாதத்தில் அவர்களை ஆளத் தெரிந்தவர்களாக்க. அப்படியென்றால் ஆட்களை வைத்து வேலை வாங்கும் எங்களுக்கும் உரியதுதானே.

அப்புறம் புறாக் கதை. வலையில் மாட்டிய புறாக்கள் ஒன்றாகச் சிறகடித்து வலையோடு பறந்து எலியிடம் போகும், எல்லோருக்கும் தெரியும். டீச்சர் நிறுத்திய இடம் வேறு. எலி இரணியகன் தன் நண்பனான புறா ராசா சித்திரக்கிரீவனின் கட்டை முதலில் அறுக்க வருகிறது, அவனோ வேண்டாம், முதலில் மற்றவர்களுடையதை அறு, என்னுடையதை அறுத்ததும் உன் பல் உடைந்துபோனால் இவர்கள் கதி என்ன என்று கேட்கிறான். இதைச் சொல்லிவிட்டு டீச்சர் நீதி ஒன்றும் சொல்லவில்லை. "உங்கட வேலையிடத்தில கடைசியா வலை விழுந்தது எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான் கேட்டது. பிறகு எங்களோடு வந்த வவுணதீவு அக்கா எழும்பினார். 18 வருசம் மெசினில் இருந்து, தைக்கும் பிள்ளைகளின் மெசின் வரிசையான லைனுக்குப் பொறுப்பாக வந்தவர், கூட்டங்களில் வாயே திறக்கமாட்டார். பாடசாலை தொடங்க முன் வந்த வெள்ளைச் சேட் ஓடரில் 40 சேட்டுகளின் கொலர் அளவு மாறிப்போன கதையைச் சொன்னார். "முதலாளி கேட்டதும், பிள்ளைகள்தான் பார்க்காமத் தைச்சது எண்டு சொல்லிட்டன். என்ட கட்டைத்தான் நான் முதல்ல அறுத்தன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். அந்த ஏச்சோடு ஒரு பிள்ளை வேலைக்கு வராமல் நின்றுவிட்டது.

ஏன் பழியைப் போட்டீர்கள் என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால் அக்கா இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். புறாவைப் பற்றிப் பேசியதால் யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை, உள்ளே கிடந்தது தானாக வந்தது. ஸ்லைட் போட்டுப் படிப்பித்த எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன், ஒன்றிலும் இப்படி நடந்ததில்லை.

மதியத்துக்குப் பிறகு சோர்ந்துவிட்டது. ஆமையும் முயலும் கதையில் டீச்சரே முடிவைச் சொல்லி, நிதானம் வெல்லும் என்று எழுதவைத்தார். துண்டுக் கணக்கில் சம்பளம் எடுக்கும் பிள்ளைகளிடம் போய் மெதுவாகத் தை என்று சொல்ல முடியுமா? முயல் ஏன் படுத்தது என்று கேட்டிருந்தால் எவ்வளவு பேசியிருப்போம். தந்த கையேடு முழுக்க ஆங்கிலம், அக்கா அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். 4 மணிக்கு முடியும் என்றது 5 தாண்டியது, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்கு பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பாவம். இவற்றைத் திருத்தத்தான் வேண்டும்.

ஆனாலும் கொடுத்த காசு வீணில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து அக்கா அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கதைத்தார், இப்போது அது திரும்ப வருகிறது. ஆள் அனுப்புவதென்றால் ஒரே லைனில் இருந்து இரண்டு பேரையாவது சேர்த்து அனுப்புங்கள், திரும்பி வந்து பேச ஒரு துணை வேண்டும். அடுத்த முறை துணி வெட்டுகிறவர்களையும் அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.