டூயல் பேண்ட் டிஜிட்டல் ரிக்னு சொல்லி பழைய கம்பெனி செட்டைத் தள்ளி விடுறாங்க, ராம்நாடு பக்கம் ஹாம் நண்பர்கள் உஷாரா இருங்க

நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்தவங்க, இப்ப பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கவங்க எல்லாரும் இதைப் பொறுமையா படிங்க. டூயல் பேண்ட் (ரெண்டு அலைவரிசைத் தொகுதில ஓடும்), டிஜிட்டல் அனலாக் ரெண்டும் பேசும், 50 வாட், கார்லயும் வீட்லயும் வச்சுக்கலாம், புது பீஸ்னு சொல்லி ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப் குரூப்பா மொபைல் ரிக் (வண்டில மாட்டுற ரேடியோ செட்டு) வித்துக்கிட்டு இருக்காரு. அவர் ஊரு பேரு போடல, போடவும் மாட்டேன், புகார் நடந்துக்கிட்டு இருக்கு. ஆனா அவர் ஏமாத்துற விதம் என்னன்னு தெரிஞ்சா வேற எவன் வந்து இதையே பண்ணாலும் நீங்க தப்பிச்சுக்கலாம், அதுக்குத்தான் எழுதுறேன்.

நான் இருக்கறது மண்டபம். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல், புயல் வந்தா முதல்ல கரண்டு போகும், கொஞ்ச நேரத்துல டவர் பேட்டரி எறங்கி செல்லும் போயிரும். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி போனப்ப அந்த பாசஞ்சர் ரயிலு கடலுக்குள்ள போன சேதியே வெளிய வர எவ்வளவு நேரமாச்சுன்னு பெரியவங்க சொல்லக் கேட்டுத்தான் நாங்கல்லாம் வளந்தோம். 2004 சுனாமில அந்தமான்ல எல்லா லைனும் அறுந்து கெடந்தப்ப போர்ட் பிளேர்ல இருந்த ஹாம் ஆளுங்கதான் ரேடியோவுல சேதி அனுப்புனாங்க, பாரதி பிரசாத் அம்மா அங்க இருந்தாங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதனால எனக்கு ரிக்குங்கிறது பொழுதுபோக்கு மட்டும் இல்ல. கார் பேட்டரில ஓடணும், டவர் நெட்டு எதுவும் இல்லாம சாதா எஃப்எம்ல பாம்பனுக்கும் உச்சிப்புளிக்கும் நேரா பேசணும், மத்த நாள்ல டிஎம்ஆர்ங்கிற டிஜிட்டல் முறைல ஹாட்ஸ்பாட் (செட்டை நெட்டோட இணைக்கற சின்னப் பெட்டி) வழியா மதுரை, சென்னை, வெளிநாட்டுல இருக்க நம்ம ஆளுங்களோட பேசணும். ஒரே செட்டுல ரெண்டும் வேணும்னுதான் டூயல் பேண்ட் டிஎம்ஆர் மொபைல் தேடுனேன்.

அவர்கிட்ட பணம் அனுப்பறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டேன். 144லருந்து 146 வரைக்கும், அப்புறம் 434லருந்து 438 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டுலயும் ட்ரான்ஸ்மிட் ஆகுமா, நம்ம நாட்டுல ஹாமுக்கு அந்த ரெண்டு பேண்டுல அவ்வளவுதான் கொடுத்திருக்காங்கன்னு தெளிவா போட்டேன். டிஎம்ஆர்ல டயர் 2 வகையான்னு கேட்டேன், அது ஏன் வேணும்னு கீழ சொல்றேன். கோட்பிளக் (செட்டுக்குள்ள இருக்க சேனல் அமைப்பு ஃபைல்) பாஸ்வேர்டு இல்லாம வருமா, ப்ரோக்ராமிங் கேபிள் உண்டான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் "எஸ் சார், ஃபுல் பேண்ட் சார், 136 டு 174, 400 டு 480"ன்னு பதில், கூட ஒரு போட்டோ, திரைல மேல 145, கீழ 435ன்னு ரெண்டு வரி பளிச்சுன்னு தெரியுது. நம்பர்லாம் சரியா சொல்றாரேன்னு முப்பதாயிரத்துக்குக் கிட்ட யுபிஐல அனுப்புனேன். லைசென்ஸ் காப்பி அவர் கேக்கவே இல்ல, நானாத்தான் அனுப்பி வச்சேன், அதைத் தொறந்துகூட பாக்கலைன்னு பின்னாடி தெரிஞ்சது.

பார்சலை ராமநாதபுரம் கூரியர் ஆபீஸ்ல எடுத்துட்டு வந்து பிரிச்சா பொட்டி புதுசு, செட்டு பழசு. மவுண்டிங் பிராக்கெட் மாட்டுற ஓட்டைல பெயிண்ட் தேஞ்சு வெள்ளையா இருக்கு, மைக் ஒயரு கையழுக்குல பளபளன்னு இருக்கு, அடில மட்டும் புத்தம்புது ஸ்டிக்கரு, அதை நகத்தால லேசா தூக்குனா கீழ இன்னொரு ஸ்டிக்கரு கிழிஞ்ச அடையாளம். சரி ஆன் பண்ணுவோம்னு எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைல மாட்டி சுவிட்சை அமுத்துனா சேனல் பேரு வருது: கேட் 2, கிரேன், செக்யூரிட்டி. எந்தத் துறைமுகத்துலயோ ஃபேக்டரிலயோ வருஷக்கணக்கா ஓடுன செட்டு அது. அங்க கழிச்சுக் கட்டுனதை இவர் எடைக்கு வாங்கிருக்காரு.

சரி பழசா இருந்தாலும் வேலை செஞ்சா அப்புறம் பேசிக்குவோம்னு கம்ப்யூட்டர்ல மாட்டுனேன், ரீட் பண்ண முடியல, பாஸ்வேர்டு கேக்குது. அவருக்கு அடிச்சா "அதுக்கு தனி சார்ஜ் சார்"ங்கிறாரு. மதுரைல ஒரு அண்ணன், வியூ2காரர் (பெரிய கிரேடு ஹாம் லைசென்ஸ்), பல வருஷமா இந்தக் கம்பெனி செட்டுகளை சர்வீஸ் பண்றவரு, அவர்கிட்ட கொண்டு போனேன். அவர் லாக்கை எடுத்துட்டு டிவைஸ் இன்ஃபர்மேஷனைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம திரையை என் பக்கம் திருப்புனாரு. 450லருந்து 520 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான், ஒரே பேண்டு. விஹெச்எஃப்பே (145 இருக்க கீழ் பேண்டு) இல்ல. யுஹெச்எஃப்லயும் (435 இருக்க மேல் பேண்டு) நம்ம 434–438 அதுல அடங்கல. 145.500 போட்டா ரேஞ்சுக்கு வெளியன்னு எழுத மாட்டேங்குது, 435 போட்டாலும் அதே கதை. அதாவது ஹாமுக்கு அனுமதி இருக்க ஒரு அலைவரிசைல கூட அந்த செட்டு பேசாது. அப்ப போட்டோல தெரிஞ்ச 145, 435? அது வேற செட்டோட போட்டோ, இல்லாட்டி சேனல் பேரையே 145.500ன்னு டைப் பண்ணி வச்சு எடுத்தது. சேனலுக்கு நம்ம என்ன பேரு வேணும்னாலும் வைக்கலாம், அதனால திரைல நம்பர் தெரியுதுங்கிறதை மட்டும் வச்சு நம்பாதீங்க.

இதைக் கேட்டதும் அவர் சொன்ன பதில்தான் எனக்கு ரொம்பக் கோவம். "ஃபர்ம்வேர் அப்டேட் போட்டா ஓப்பன் ஆயிரும் சார்"னாரு. இது சுத்தப் பொய், புதுசா வர்ற பசங்க நம்பிருவாங்க. ஒரு செட்டு எந்த அலைவரிசைல ஓடும்ங்கிறதை உள்ள இருக்க ஆசிலேட்டரும் ஃபில்டரும் பவர் ஆம்ப்ளிஃபையரும்தான் முடிவு பண்ணும். 2 மீட்டர் பேண்டுக்கான (144–146) ஃபில்டரே போர்டுல இல்லாதப்ப எந்த சாஃப்ட்வேர் அதைக் கொண்டாந்து வைக்கும்? அண்ணன் மூடியைக் கழட்டிக் காட்டுனாரு, ஒரே ஒரு யுஹெச்எஃப் பாதைதான் இருக்கு. சில செட்டுல ஓரத்துல கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம், ஆனா அங்க சிந்தசைசர் (அலைவரிசையை உருவாக்குற பகுதி) லாக் ஆகாது, அப்படியே லாக் ஆனாலும் பவர் விழுந்துரும்.

பவரையும் பாத்துட்டோம். ஆன்டெனால போடல, அந்த 450–520ல நமக்கு உரிமை கிடையாது, டம்மி லோடுல (பவரைக் காத்துல விடாம சூடா மாத்துற சாமான்) மாட்டி வாட் மீட்டர் வச்சுப் பாத்தோம். 50 வாட்டுன்னவரோட செட்டு பத்து வாட்டைத் தொடவே முக்குது. இங்க ஒண்ணு கவனிங்க, எல்லா மீட்டரும் இதுக்கு ஆகாது, ஹெச்எஃப்க்கு (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ) வாங்குன மீட்டரு யுஹெச்எஃப்ல தப்பாத்தான் காட்டும், மீட்டர்ல எது வரைக்கும்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு அளங்க. இல்லைன்னா விக்கிறவன் "உங்க மீட்டர் சரியில்ல"ன்னு தப்பிச்சுருவான், இவரும் அதைத்தான் சொன்னாரு. ஒழுங்கா வேலை செய்யற 50 வாட் செட்டு ஃபுல் பவர்ல பத்து ஆம்பியர் அக்கம்பக்கம் இழுக்கும், சப்ளைல ஆம்ப் மீட்டர் இருந்தா அதுலயே பாதி உண்மை தெரிஞ்சிரும்.

அதுக்கப்புறம் பணத்தைக் கேட்டேன். முதல்ல ரிட்டர்ன் இல்லைன்னாரு, அப்புறம் யூஸ்டு பீஸ்னு சொல்லித்தான் கொடுத்தேன்னாரு, சாட்டுல புதுசுன்னு அவர் எழுதுனதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புனதும் நம்பரை பிளாக் பண்ணிட்டாரு.

நான் மட்டும் இல்ல. கீழக்கரைல ஒரு தம்பி, வியூ3 (ஆரம்ப கிரேடு லைசென்ஸ்) வாங்கி கொஞ்ச நாள்தான் ஆகுது, அவன் இதே ஆளுகிட்ட ஒரு செட்டு வாங்கிருக்கான். அவனோடது நெசமாவே ரெண்டு பேண்டு, ஆனா அதுல வேற ஒரு ஹாமோட டிஎம்ஆர் ஐடியைப் போட்டு "எல்லாம் ப்ரோக்ராம் பண்ணிட்டேன் தம்பி, நேரா பேசு"ன்னு கொடுத்திருக்காரு. பாவம் அவன் பிடிடி (பேசற பட்டன்) அமுத்தும்போதெல்லாம் அடுத்தவர் கால்சைன் (லைசென்ஸ் அடையாளப் பேரு) போயிருக்கு, அந்த மனுஷன் தேடிக் கண்டுபிடிச்சு சத்தம் போட்டப்பதான் இவனுக்கே தெரிஞ்சுது. ஐடியை யாரும் விக்க முடியாது. லைசென்ஸ் காப்பியை ஏத்தி ரேடியோஐடி தளத்துல பதிஞ்சா இலவசமா ஏழு இலக்க நம்பர் வரும், நம்ம நாட்டுக்கு 404ல தொடங்கும், அது உங்களுக்கு மட்டும்தான்.

இதைவிடப் பெரிய கொடுமை, கடலுக்குப் போற நம்ம ஆளுங்ககிட்டயே இந்த மாதிரி செட்டுகளைத் தள்ளுறாங்க. என் மச்சான் நாட்டுப்படகு வச்சிருக்கான், அவன்கிட்டயே ஒரு புரோக்கர் வந்து "லைசென்ஸ் தேவையில்ல மாப்ளே, 50 கிலோமீட்டர் எடுக்கும்"னு சொல்லிருக்கான். ரெண்டும் பொய். லைசென்ஸ் இல்லாம இந்த செட்டை வச்சிருக்கறதே குத்தம். விஹெச்எஃப் பார்வைக் கோட்டுலதான் போகும், படகுல நாலு மீட்டர் உயரத்துல ஆன்டெனா வச்சா படகுக்குப் படகு பதினாறு கிலோமீட்டர் அக்கம்பக்கம்தான் கணக்கு. சில நாள் கடல் மேல காத்து அடுக்கு மாறி இலங்கை ஹாம் ஆளுங்க சத்தமே நம்ம கரைல கேக்கும், அதைக் காட்டி விப்பாங்க, ஆனா உசுருக்கு ஆபத்துன்னு கூப்பிடற நேரத்துல அது இருக்கும்னு எவனும் சொல்ல முடியாது. கடலுக்கு மரைன் விஹெச்எஃப்தான் வேணும், 16ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கு அமுத்துற டிஎஸ்சி பட்டன் அதுலதான் இருக்கு, ஹாம் செட்டுல கிடையாது. கரைல இருக்க வீட்டு ஆளுங்க கோஸ்ட் கார்டு 1554 நம்பரை மனசுல வச்சுக்கிட்டாலே பெரிய உதவி.

இப்ப வாங்கப்போறவங்களுக்கு. டூயல் பேண்டுன்னு சொன்னா விடாதீங்க, ரெண்டு பேண்டோட தொடக்கமும் முடிவும் நம்பரா கேளுங்க, ஏன்னா ஒரே மாடலு 400–480ன்னும் வருது 450–520ன்னும் வருது, வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது. ரெண்டு வரி திரைங்கிறது வேற, ஒரே நேரத்துல ரெண்டையும் கேக்கற டூயல் ரிசீவ்ங்கிறது வேற, விலையும் அங்கதான் ஏறும். டிஜிட்டல்னு மொட்டையா சொன்னா எந்த டிஜிட்டல்னு கேளுங்க, டிஎம்ஆர், யேசுவோட சி4எஃப்எம், ஐகாம் செட்டுல வர்ற டி-ஸ்டார் மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. டிஎம்ஆர்லயும் டயர் 2 வேணும், அதுலதான் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை ரெண்டு டைம்ஸ்லாட்டாப் பிரிச்சு ரிப்பீட்டர்ல (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புற நிலையம்) ரெண்டு பேச்சு ஒண்ணா ஓடும். டயர் 1 செட்டு ரிப்பீட்டரோட ஒத்துப் போகாது. பழைய செட்டுல இன்னொரு தொல்லை, கிறிஸ்டல் வயசாகி சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளிப் போயிருக்கும், எஃப்எம்ல காதுக்குத் தெரியாது, டிஎம்ஆர்ல ஹாட்ஸ்பாட் வாங்காம பேச்சு வெட்டி வெட்டி வரும், அதனால கைல வாங்கும்போதே ஹாட்ஸ்பாட்ல ஒரு தடவை பேசிப் பாருங்க.

எல்லாத்துக்கும் மேல, உங்க வீட்ல இருந்து எட்டுற தூரத்துல டிஎம்ஆர் ரிப்பீட்டர் இருக்கான்னு மொதல்ல பாருங்க. என் வீட்டு மாடில எனக்கு ஒண்ணும் கேக்கல, எல்லாம் ஹாட்ஸ்பாட்தான், அதுக்கு நெட்டு வேணும், நெட்டு போன அன்னைக்கு உங்க செட்டுல உசுரோட இருக்கறது சாதா எஃப்எம் மட்டும்தான். அதனால நம்ம கரைக்கு அனலாக் பக்கம் நல்லா இருக்கற செட்டா பாத்து வாங்கறதுதான் என் அபிப்பிராயம், டிஎம்ஆர் அதுக்கு அடுத்துதான். மிச்சக் காசை ஒயர்ல போடுங்க, சன்னமான ஆர்ஜி-58 ஆன்டெனா ஒயரை மாடி வரைக்கும் இழுத்தா யுஹெச்எஃப்ல பாதிக்கு மேல பவரை ஒயரே சாப்பிட்டுரும், வாடைக்காத்து மாசத்துல உப்பு ஏறி கனெக்டர் பச்சை பூத்துரும், தானா ஒட்டிக்கற ரப்பர் டேப்பை நல்லா இழுத்துச் சுத்துங்க.

நான் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சிருக்கேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகுது. அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் இல்லாம நாமளே போடலாம். ஆன்லைன் கடைல வாங்கி ஏமாந்தவங்களுக்கு இன்னொரு பிடி இருக்கு, வாக்கி டாக்கி மாதிரி ரேடியோ சாமான் விக்கறப்ப அலைவரிசை, லைசென்ஸ் வேணுமா வேண்டாமாங்கிறதையெல்லாம் போட்டே ஆகணும்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ல வழிகாட்டுதல் கொண்டாந்திருக்கு. சாட்டு, யுபிஐ ரசீது, பார்சல் மேல ஒட்டுன சீட்டு, பிரிக்கறப்ப எடுத்த வீடியோ எதையும் அழிச்சிராதீங்க.

இதே மாதிரி 450–520 செட்டு கைக்கு வந்து முழிச்சுக்கிட்டு இருக்கவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ரெண்டு மூணு பேரு சேந்து மனு கொடுத்தா கேஸ் இன்னும் பலமா நிக்கும். செட்டு வாங்கிட்டு சந்தேகமா இருக்கவங்க, தொண்டிலருந்து சாயல்குடி வரைக்கும் யாரா இருந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு எடுத்துட்டு வாங்க. மதுரை அண்ணன் டம்மி லோடும் மீட்டரும் என்கிட்டயே விட்டுட்டுப் போயிருக்காரு, உக்காந்து அளந்து பாத்துருவோம்.