தக்கலை ‘ஸ்கேனர் பட்டறை’: பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்

பதினைந்து இருபது வருஷம் ஓடிய பெட்ரோல் கார், ஐடிலில் நிற்காமல் துடிக்கிறது, செக் எஞ்சின் லைட் அணைந்து அணைந்து எரிகிறது, போகிற இடமெல்லாம் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றச் சொல்கிறார்கள் என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அலைந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தக்கலையிலிருந்து அழகியமண்டபம் போகிற வழியில் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. போர்டு கிடையாது. ஆட்டோ ஸ்டாண்டில் ஸ்கேனர் பட்டறை என்று கேட்டால் வழி சொல்வார்கள். எம்.பி.எப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கிற வகை) சென்சார் கோளாறு என்றால் இனி நான் வேறு எங்கேயும் போகப் போவதில்லை.

என் வண்டி 2006 மாடல், நாலு சிலிண்டர். வீடு கொளச்சலில், கடலுக்குப் பக்கம், வண்டி நிற்பது திறந்த ஷெட்டில். மழைக்காலம் முடிந்த பிறகு தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் ஆனதும் நன்றாகத்தான் ஓடும், சூடான பிறகு ஆட்டம். சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை, மைலேஜ் நன்றாகவே குறைந்துவிட்டது, வடசேரி நெரிசலில் மாட்டிக்கொண்டால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறும். முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) மாட்டினார்கள், ஆக்சிஜன் சென்சார் கோடு, அதாவது கோளாறு எண், வந்தது, உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். அது ஆயிரக்கணக்கில் விலை. கொஞ்ச நாளில் லைட் திரும்ப எரிந்தது. அப்புறம் பிளக் மாற்றினார்கள், அதற்கும் சரியாகவில்லை என்றதும் ஈ.சி.எம். (எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர்) போயிருக்கும் என்றார்கள். அந்த இடத்திலேயே நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தக்கலைக்காரர் எடுத்த எடுப்பில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. என்னென்ன மாற்றினார்கள், பழைய பார்ட் கையில் இருக்கிறதா, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆட்டமா சூட்டிலா, மழையில் கூடுகிறதா, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "அண்ணாச்சி, வண்டி இங்கயே கிடக்கட்டும். ராத்திரி முழுக்க ஆறணும். காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நான் பாக்கணும்" என்றார்.

காலையில் போனபோது சாவியை ஆன் மட்டும் செய்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு எண்ணாகக் காட்டினார். எஞ்சின் ஓடாதபோது எம்.ஏ.பி. சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும், நம்ம கடலோரத்தில் அது கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல், அது சரியாக இருந்தது. திராட்டில் சென்சார் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கிற காற்று வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) மூடிய நிலையில் அரை வோல்ட் பக்கம், அதுவும் சரி. உள்ளே போகும் காற்றின் வெப்பம் 27 டிகிரி. கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) வெப்பம் 12 டிகிரி. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், தக்கலையில் மார்கழி விடியலில்கூட 12 டிகிரி கிடையாது. கோளாறு எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்டார்ட் செய்து ஓடவிட்டார். எஞ்சின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஹோஸில் கை வைக்க முடியவில்லை, ஸ்கேனரில் கூலன்ட் 30 டிகிரியைத் தாண்டவில்லை. அதாவது எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று ஈ.சி.எம். நினைத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. வாடை, மைலேஜ் குறைவு, பிளக்கில் கரி, அதனால் வரும் மிஸ்ஸிங், எல்லாம் இதிலிருந்துதான். என் வண்டியில் ஃபேனைச் சுற்ற வைப்பதும் ஈ.சி.எம்.தான், அது இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. 30 டிகிரி என்று தெரிந்தால் ஃபேன் எப்படி ஓடும்? மீட்டர் முள்ளுக்குத் தனி சென்சார் இருப்பதால் அது உண்மையைக் காட்டியது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த வேலை. கூலன்ட் சென்சாரை உடனே மாற்றிவிடவில்லை. கனெக்டரைக் கழற்றி சென்சாரின் ரெசிஸ்டன்ஸை மல்ட்டிமீட்டரில் அளந்தார். இந்த சென்சார் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற வகை. அறை வெப்பத்தில் இரண்டு கிலோ ஓம் அளவில் இருக்கும், 80 டிகிரியைத் தாண்டினால் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். குளிர்ந்தபோதும் சூட்டிலும் அளந்தார், சென்சார் ஒழுங்காகவே இருந்தது. கனெக்டருக்குள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பின் இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புக்காற்றின் வேலை. அந்தப் பச்சை தருகிற கூடுதல் ரெசிஸ்டன்ஸ்தான் ஈ.சி.எம்.முக்குக் குளிராகத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் கூலன்ட் சென்சார் கோடு ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஒயர் முழுசாக அறுந்திருந்தால் ஸ்கேனரில் மைனஸ் 40 என்று வரும், ஈ.சி.எம்.மும் உடனே கோடு போட்டுவிடும். 12, 30 எல்லாம் நடக்கக்கூடிய எண்கள், அதனால் அது சந்தேகப்படவில்லை. மாறாக, புகையில் எப்போதும் பெட்ரோல் அதிகம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஆக்சிஜன் சென்சார் மேல் பழி விழுந்திருக்கிறது. கனெக்டருக்குப் புது டெர்மினல் போட்ட பிறகு, நான் பத்திரமாக வைத்திருந்த பழைய ஆக்சிஜன் சென்சாரை மாட்டி ஓட்டிக் காட்டினார். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கியது. நல்ல சென்சாரைத்தான் குப்பை என்று கழற்றியிருக்கிறார்கள். கோடு என்பது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டும்தான் காட்டும், எந்தப் பார்ட் போய்விட்டது என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். இதை அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார், நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அத்தோடு விடவில்லை. எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி மைனசுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் பார்த்தார். 0.2க்குள் இருக்க வேண்டியது, அரை வோல்ட் காட்டியது. எர்த் ஸ்டிராப் (பேட்டரி மைனசை எஞ்சினோடு இணைக்கிற ஒயர்) போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் தேய்த்து முறுக்கியதும் இறங்கிவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கி, பிளக் ஒயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தும் பார்த்தார், ஒன்றில் நீலப்பொறி ஓடியது, அதாவது கரண்ட் கசிகிறது. அந்த ஒயர் செட் மாற்றினேன்.

செக்கிங்குக்கு 500 ரூபாய், டெர்மினல் வேலைக்கு 350, ஒயர் செட் தனி. கோளாறு கண்டுபிடிக்கவே காசா என்று பேரம் பேசுகிறவர்களை அங்கே பார்த்தேன். என்னைக் கேட்டால் அந்த 500 ரூபாய்தான் நான் இந்த வண்டிக்குக் கொடுத்ததிலேயே மிகச் சரியான பணம்.

குறைகளும் உண்டு. அவர் ஒருவரே எல்லாம் பார்க்கிறார், கூட இருக்கிற பையன் கழற்றி மாட்ட மட்டும்தான், அதனால் காத்திருக்க வேண்டும். உட்கார இடமில்லை. பில் துண்டுச்சீட்டில்தான், என்ன அளந்தார் என்பதையும் எழுதித் தந்தால் அடுத்த தடவைக்கு உதவும், கேட்டேன், நேரமில்லை என்றுவிட்டார். ஸ்பேர் ஸ்டாக் கிடையாது, நாகர்கோவிலில் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். டீசல் வண்டியைத் தொடமாட்டார்.

ஆன்லைனில் விற்கிற புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் (வண்டியில் மாட்டிப் போனில் கோடு படிக்கிற சின்னக் கருவி) போதாதா என்று கேட்பீர்கள். இந்தியாவில் 2013 ஏப்ரலில்தான் ஓ.பி.டி. 2 என்கிற, கோளாறைக் காட்டும் பொதுவான முறை கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும் பலவற்றில் அந்த அடாப்டர் பேசாது, என்னுடையதில் பேசவில்லை. அவரிடம் கம்பெனி வாரியாகப் படிக்கிற ஸ்கேனர் இருக்கிறது.

போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிக் கோளாறு எண்ணை அழித்துவிட்டுப் போகாதீர்கள், மாற்றிய பழைய பார்ட் எதுவானாலும் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு லீவு.