கலோரிக் கணக்கை விட்டபின் சாப்பாடு எப்படிப் போகிறது?

கலோரி எண்ணும் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கி இரண்டு தீபாவளி போய்விட்டது. "விட்டால் எடை திரும்ப ஏறிவிடாதா?" என்று கேட்பவர்களுக்காக இந்த அனுபவத்தை எழுதுகிறேன். ஏறியது. முதலில் இரண்டு கிலோ போல ஏறி, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. சர்க்கரைக்கான மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் (HbA1c), சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை தொடங்கும் 5.7-ஐத் தொடவில்லை. எனக்கு அது போதும்.

எண்ணியதால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 40 கலோரி, ஒரு பிடி வேர்க்கடலை (30 கிராம் என்று வையுங்கள்) 170 கலோரி என்பதெல்லாம் அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஒரே மாவுதானே என்று இட்லியையும் முறுகல் தோசையையும் ஒன்றாக நினைத்திருந்தேன். தோசையைச் சுற்றி ஊற்றும் எண்ணெயை அளந்து பார்த்ததும் அந்த நினைப்பு போனது. ஆரம்பத்தில் சில மாதங்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது என்றே இப்போதும் சொல்வேன்.

சிக்கல் குழம்புச் சட்டியில் ஆரம்பித்தது. வீட்டில் ஐந்து பேருக்குச் சேர்த்து வைக்கும் சாம்பாரில் என் பங்கு எத்தனை கலோரி? பருப்பு எவ்வளவு போட்டார்கள், தாளிக்க எவ்வளவு எண்ணெய், என் கரண்டியில் வந்தது அடியிலிருந்த பருப்பா, மேலே நின்ற தண்ணீரா? செயலியில் 'சாம்பார், 1 கிண்ணம்' என்று தேடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள் வரிசையாக நிற்கும். அதில் குறைவானதைத்தான் கை தொடும். சமையல் மேடையில் தராசு வைத்துச் சோற்றை நிறுத்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது: "தங்கத்தைக்கூட இப்படி நிறுக்க மாட்டாங்கடா."

நிறுத்தாலும் அந்த எண் அப்படியொன்றும் துல்லியம் இல்லை. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்பது அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த சராசரி. அந்தக் கணக்கில் 28 கிராம் பாதாம் ஏறக்குறைய 170 கலோரி. அந்நாட்டு வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குச் சாப்பிடக் கொடுத்து அளந்து, 2012இல் வெளியிட்ட முடிவு 129. பாதாமின் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியே போய்விடுகிறது.

ஆனால் நான் விட்டதற்குக் காரணம் இதுவும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் எண் அச்சடித்திருக்கிறது. கீரைக் கூட்டில் இல்லை. கணக்கு சுலபமாக இருக்கிறதே என்று மாலையில் பாக்கெட் பக்கமே போக ஆரம்பித்தேன். இரவு ஒன்பது மணிக்கு '200 மிச்சம்' என்று திரை காட்டினால், பசியே இல்லாமல் முறுக்கு டப்பாவைத் திறந்தேன். ஆரோக்கியத்துக்காகத் தொடங்கிய பழக்கம் கீரையை ஒதுக்கி முறுக்கை உள்ளே விடுகிறது என்றால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது எண்ணுவது தட்டில் இல்லை, மளிகைச் சீட்டில். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவுக்கு எண்ணெய் ஒரு நாளைக்கு 27 கிராம், காய்கறி 400 கிராம் என்று இருக்கிறது. 27 கிராம் என்றால் ஒருவருக்கு மாதம் 900 மில்லியை ஒட்டி வரும். எங்கள் ஐந்து பேருக்கு நாலரை லிட்டர். முன்பு ஆறு, ஏழு வாங்கிக்கொண்டிருந்தோம். கேனில் மாதக் கடைசி வரை எண்ணெய் இருந்தால் சரி. 22ஆம் தேதியே காலியானால் அந்த மாதம் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். பலகாரம் சுட்ட மாதம் காலியாகத்தான் செய்யும், அதற்கு யாரும் சண்டை போடுவதில்லை.

மதியம் பொரியலும் கூட்டும் தட்டில் பாதி இடத்தைப் பிடித்த பிறகுதான் சோறு. அதுவும் சாம்பாருக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கோ மோருக்கோ அரைக் கரண்டி. மாலையில் சுண்டல். இடுப்பை மட்டும் மாதம் ஒருமுறை டேப் வைத்து அளக்கிறேன். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதுதான் கணக்கு (பெண்களுக்கு 80).

குறையும் இருக்கிறது. வெளியூர் வேலையாகத் தொடர்ந்து ஓட்டல் சாப்பாடு என்றால் மளிகைச் சீட்டு உதவாது. மிக்சர் டப்பாவைக் கையில் எடுத்தால் பாதியில் வைக்க முடியாது, அதனால் வாங்குவதையே குறைத்தோம். இன்னொன்று: இன்சுலின் போடுபவர்களில் பலர் மருத்துவர் சொல்லி மாவுச்சத்தை எண்ணுகிறார்கள். அது வேறு விஷயம்; என்னைப் பார்த்து அதை விட்டுவிட வேண்டாம்.

பரோட்டாதான் இன்னும் வழிக்கு வரவில்லை. மாதம் ஒரு தடவை என்று வைத்திருக்கிறேன். எண்ணெய் குறைவாகப் போடச் சொன்னால் கடைக்காரர் தலையை நன்றாக ஆட்டுகிறார். கல்லில் ஊற்றும் கை அதைக் கேட்பதில்லை.